லான் அக்கா கடையில் வைத்த படையல்

தம்பி,

அந்தோணி உன் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுக்கும்போது நீ டியூட்டியிலிருந்து அப்போதுதான் வந்திருப்பாய். கை கால் கழுவிவிட்டு, ஏதாவது வயிற்றுக்குப் போட்டுக்கொண்டு, அப்புறம் பிரி. நல்ல செய்தி, கெட்ட செய்தி என்று ஒன்றும் இல்லை. எல்லோரும் சுகம். மாரியம்மன் புண்ணியத்தில் பந்தல்காரன், சமையல்காரன் எல்லாம் சொல்லியாகிவிட்டது. தை பிறந்ததும் பந்தக்கால். அதையெல்லாம் எழுத இதை நான் எழுதவில்லை.

போன வாரம் போனில் ஒன்று கேட்டாய். "அம்மா, அடுத்த வாரம் வெள்ளிக்கெழம ஒரு எடத்துல சாப்பிடக் கூப்புட்டிருக்காக. கல்யாணம் வச்சிருக்கு. போகலாமா வேணாமா, நீயே சொல்லு." எந்த இடம் என்று நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துவிட்டது. பக்கத்தில் உன் சித்தி பூ கட்டிக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தாள். "யோசிச்சுச் சொல்றேன்டா" என்று வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றும் இல்லை. வெட்கம்தான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் அடுத்த நிறுத்தம் வருவதற்குள் ஊர், பேர், பிள்ளை எத்தனை என்று கேட்டுவிடுகிறவள் நான். எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் குறுக்கே பேச முடியாது. நானே கூட பேச முடியாது.

நான் தோஹாவுக்கு வந்த அந்த ஒரு மாதத்தை நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு வருஷம் ஆகிறது. அதுவும் இதே மார்கழி. பாலைவனம் என்றால் தீயாய்க் கொதிக்கும் என்று நினைத்து மெல்லிய சேலையாக எடுத்துவந்து குளிரில் நடுங்கினேன். நஜ்மாவில் நீ இருந்த வில்லாவில் ஒரு அறையைப் பலகை வைத்து இரண்டாகத் தடுத்திருந்தார்கள். அம்மா வருகிறாள் என்று உன்னோடு தங்கியிருந்த அந்தோணி வேறு அறைக்குப் போய்த் தரையில் படுத்தான். பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு மலையாளத்துக் குடும்பம். நான் விடியக் காலையில் சத்தமாகச் சாமி கும்பிட, அந்தப் பெண் ஒரு தடவைகூட முகம் கோணவில்லை. மூன்றாம் நாளே "அம்மே, திருநீறு" என்று கை நீட்டினாள். போகிற இடத்தில் எல்லாம் மனிதர்கள் எனக்கு நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். அதைச் சொல்லிவிட்டுத்தான் என் காரியத்தைச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை காலையில் நீ சலவைச் சட்டை போட்டாய். "ஒரு அக்கா கடை இருக்கும்மா. வியட்நாம் நாட்டுக்காரவுக. எனக்கு ரொம்ப வேண்டியவுக. இன்னைக்கு ஒன்னையக் கண்டிப்பாக் கூட்டியாரச் சொன்னாக" என்றாய். "வெள்ளிக்கெழமடா, நான் கவிச்சி தொடமாட்டேன்" என்றேன். "தெரியும். ஒனக்குன்னு புதுச் சட்டி வாங்கி வச்சிருக்காக" என்றாய். முன்பின் பார்க்காத ஒரு பெண் எனக்காகச் சட்டி வாங்கியிருக்கிறாள். அதுவே எனக்குப் பெருமையாக இருந்தது. மூக்குக் கண்ணாடியை அறையிலேயே விட்டுவிட்டு வந்தேன். போட்டோ எடுப்பாய், கண்ணாடியோடு வேண்டாம் என்றுதான். அந்தச் சின்ன மினுக்கு என்னை எங்கே கொண்டு போய் விட்டது பார்.

சந்துக்குள் சந்து. துணி தேய்க்கும் கடைக்கும் சிம் கார்டு கடைக்கும் நடுவில் ஒரு கதவு. நாலு மேசை, பிளாஸ்டிக் முக்காலி. அவர்கள் நாட்டு ஆட்கள் ஏழெட்டுப் பேர், உன் கம்பெனி கேம்ப்பிலிருந்து வந்தவர்கள், தலையைத் தண்ணீர் தொட்டுச் சீவி, ஏதோ விசேஷ வீட்டுக்கு வந்தமாதிரி அடக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் ஊதுபத்தி வாசம். சுவரில் உயரத்தில் ஒரு பலகை, அதில் பழம், பூ, விளக்கு, கிண்ணத்தில் சோறு, புகை. கண்ணாடி இல்லாத கண்ணுக்கு அவ்வளவுதான் தெரிந்தது. "பரவால்லடா, சாமி வச்சிருக்காக" என்று இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன். லான் அக்கா சமையல் கட்டிலிருந்து ஓடி வந்தார்கள். என் வயசுக்கு ஐந்தாறு குறைவாக இருக்கும். குட்டையாக, ஒல்லியாக, கழுத்தில் ஒரு துண்டு. நான் கும்பிட்டதைப் பார்த்து அந்தம்மா கண் கலங்கியது. சாமியைக் கும்பிட்டதற்கு ஏன் இந்த அம்மா அழுகிறாள் என்று நான் யோசிக்கவே இல்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு "மம்மா, வெல்கம். சிட், சிட்" என்று முக்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார்கள்.

அப்புறம் வந்தது சாப்பாடு. வெள்ளை வெளேரென்று நம் இடியாப்பம் மாதிரி ஒன்று. கண்ணாடி போலத் தெரிகிற வடாம் தாளில் சுருட்டிய கீரை. வெள்ளையாய்க் கட்டி கட்டியாக ஒன்று, பன்னீரோ என்று கேட்டால் சோயாவில் செய்தது என்றாய். ஒரு தட்டு நிறையப் பச்சை இலை. அதில் திருநீற்றுப் பச்சிலை வாசம் வந்தது. நம் அம்மனுக்குச் சாத்துகிற அதே வாசம். குச்சி இரண்டைக் கையில் கொடுத்தார்கள். "இத வச்சு என்னடா செய்யிறது, ஸ்வெட்டரா பின்றது?" என்றேன். நீ சிரித்தாய். நீ அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. நான் குச்சியை வைத்துவிட்டுக் கையால் பிசைந்தேன். லான் அக்கா என்னைப் பார்த்தார்கள். தன் குச்சியையும் கீழே வைத்துவிட்டு, என் எதிரில் உட்கார்ந்து, எனக்குத் துணையாகக் கையால் சாப்பிட ஆரம்பித்தார்கள். விரல் இடுக்கெல்லாம் ஒழுகுகிறது, அவர்களுக்கு வரவில்லை, ஆனாலும் விடவில்லை. "குட், மம்மா? மீட் மாஃபி. ஃபிஷ் மாஃபி" என்று ஒவ்வொரு தட்டையும் தொட்டுக் காட்டினார்கள். மாஃபி என்றால் அரபியில் இல்லை என்று நீ சொன்னாய்.

நாலு வாய் உள்ளே போயிருக்கும். ருசியாகவும் இருந்தது. வாய் சும்மா இருக்குமா. "என்ன சாமிடா அது, அம்மனா?" என்று கேட்டேன். "சாமி இல்லம்மா. அவுக அம்மா. இன்னைக்குத்தான் எறந்த நாளு. வருசா வருசம் இந்த நாள்ல வேண்டியவுகள எல்லாம் கூப்புட்டுச் சாப்பாடு போடுவாக. அம்மா, நம்ம அப்பாவையும்..." என்றாய்.

அதற்கு மேல் நான் உன்னைப் பேச விடவில்லை.

உனக்கு நிச்சயம் முடிந்து, வெற்றிலைப் பாக்கு மாற்றி, தையில் முகூர்த்தம் குறித்திருந்த நேரம். நிச்சயமான பிள்ளை அடுத்த வீட்டுத் திவசச் சோறு தொடக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். அது எனக்கு அந்த நிமிஷம் தலைக்குள் மணி அடித்தமாதிரி அடித்தது. வாயில் இருந்ததைக் கையில் துப்பினேன். உன் முன்னால் இருந்த கிண்ணத்தைப் பிடித்து இழுத்தேன். குழம்பு மேசையெல்லாம் கொட்டியது. "துப்புடா, துப்பு" என்றேன். முப்பது வயசுப் பிள்ளையை, உன் கூட வேலை பார்க்கிறவர்கள் முன்னால், சட்டைக் காலரைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தேன். பையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து உன் தலையில் தெளித்தேன், என் தலையில் தெளித்தேன். அந்தக் கடை வாசலிலேயே நின்று. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

லான் அக்கா அந்தத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார்கள். தெரியாமல் எனக்குக் கவிச்சி கொடுத்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன் என்று அந்தம்மா நினைத்திருக்கிறார்கள். தட்டைத் தூக்கித் தூக்கிக் காட்டி, "மீட் மாஃபி, மம்மா. மீட் மாஃபி, வல்லா. நியூ பாட், நியூ பாட்" என்று தெருவில் நின்று சத்தியம் பண்ணினார்கள். விரலில் இன்னும் அந்தச் சோறு ஒட்டியிருந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். நீ எனக்கும் அவர்களுக்கும் நடுவில் தலை நனைந்து நின்றாய். அப்புறம் என் பின்னாலேயே வந்தாய்.

அதோடு விட்டேனா. மறுநாள் நீ டியூட்டிக்குப் போன பிறகு லான் அக்கா அறைக் கதவைத் தட்டினார்கள். எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்து ஒரு தூக்கில் கஞ்சியும், ஆரஞ்சுப் பழமும். வாங்கிக்கொண்டேன், வேறு வழி தெரியாமல். அவர்கள் படி இறங்கியதும் கீழே போய்த் தெருக் குப்பைத் தொட்டியில் தூக்கோடு போட்டேன். சாயங்காலம் நீ வரும்போது அந்தத் தூக்கு அந்தத் தொட்டிக்கு மேலேயே கிடந்திருக்கிறது. நீ அதை எடுத்து வந்து கழுவினாய்.  மீதிப் பதினைந்து நாளும் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனாய், சேலை எடுத்துக் கொடுத்தாய், ஏர்போர்ட்டில் காலைத் தொட்டுக் கும்பிட்டாய். ஆனால் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேச்சு எல்லாம் நானே பேசிக்கொண்டிருந்தேன் அல்லவா.

அந்தக் கல்யாணம் நின்றது. பெண் வீட்டாருக்கு உள்ளூரிலேயே உத்தியோகத்தில் இருக்கிற மாப்பிள்ளை கிடைத்துவிட்டான். நிஜக் காரணம் அவ்வளவுதான், எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் நான் ஊரில் என்ன சொன்னேன் தெரியுமா? "எம்புள்ள அங்க எவ வீட்டுத் திவசச் சோத்தயோ தின்னுட்டான், அதான் தட்டிப் போச்சு" என்றேன். கோயிலில் சொன்னேன், ரேஷன் கடையில் சொன்னேன், உன்னிடமும் போனில் சொன்னேன். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு நீ வைத்துவிட்டாய். எனக்காகச் சட்டி வாங்கியவள் பெயரை நான் இந்த ஊர் முழுக்க இப்படிப் பரப்பினேன்.

போன மாதம் அந்தோணி லீவில் வந்தான். அவன் ஊர் மீமிசலில் இருந்து அவ்வளவு தூரம் பஸ் ஏறி, உனக்கு என்ன கொடுத்துவிட வேண்டும் என்று கேட்டுப் போக வந்தான். காப்பி கொடுத்துவிட்டுப் பழைய பாட்டைப் பாடினேன். அந்த வியட்நாம்காரி, அந்தச் சோறு, அந்தக் கல்யாணம். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"அம்மா, அன்னைக்கு அந்தப் பலகையில ரெண்டு படம் இருந்துச்சே, பாக்கலியா?"

"நான் எங்கடா பாத்தேன், கண்ணாடி இல்ல."

"ஒண்ணு அவுக அம்மா. இன்னொண்ணு நம்ம ஐயா."

எந்த ஐயா என்று கேட்டேன். அப்படியும் எனக்குப் புரியவில்லை பார்.

"அவனோட அப்பாதாம்மா. ரேசன் கார்டுக்கு எடுத்தாகளே, வெள்ளச் சட்ட போட்டு, கழுத்துப் பட்டன் போட்டு. அதப் பெருசு பண்ணி, சட்டம் போட்டு வச்சிருக்காக. அந்தச் சோறு ஐயாவுக்கும் சேத்துத்தான் படைச்சது."

அப்புறம் அவன் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னான். உன் அப்பா போன செய்தி வந்த அன்று நீ பித்துப் பிடித்தவன் மாதிரி லான் அக்கா கடையில் போய் உட்கார்ந்தாயாம். அவர்கள் கடையைச் சாத்திவிட்டு உன்னோடு உட்கார்ந்திருந்தார்களாம். தன் அம்மா செத்ததற்கும் தன்னால் போக முடியவில்லை என்று கைச்சாடையில் சொன்னார்களாம். அவர்களும் நம்மைப் போலப் பிறை பார்த்துத்தான் செத்தவர்களுக்கு நாள் வைப்பார்களாம். அப்பாவுக்கு எந்தப் பிறை என்று உன்னிடம் கேட்டார்களாம். உனக்குச் சொல்லத் தெரியவில்லை. "அப்ப எங்க அம்மா நாள்லயே ரெண்டு பேருக்கும் சேத்து வச்சிருவோம்" என்றார்களாம்.

உனக்கு ஏன் தெரியவில்லை? நான் சொல்லவில்லை. "நீ அங்க இருந்து என்ன செய்யப் போற, இங்க சித்தப்பாவ வச்சு நான் பாத்துக்கிறேன்" என்று உன் வாயை அடைத்தேன். பெற்ற பிள்ளைக்குத் தகப்பன் திதி தெரியாமல் வைத்தவள் நான்தான்.

இன்னொன்றையும் அந்தோணி சொன்னான். அதைச் சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவனே விழித்தான். அப்பா போன அன்று நீ போன் பண்ணியபோது, "பாஸ்போர்ட் கம்பெனியில இருக்கும், நீ எங்க வரப் போற, நாங்க சாயங்காலம் எடுத்துர்றோம்" என்று நான் சொல்லி வைத்துவிட்டேன் அல்லவா. அதற்கு முன்பே உன் கஃபீல், அந்த அரபி முதலாளி, பாஸ்போர்ட்டை உன் கையில் கொடுத்திருந்தாராமே. டிக்கெட்டும் போட்டுவிட்டாயாமே. ஒரு நாள் பொறுங்கள் என்று சொல்லத்தான் போன் பண்ணினாயாமே. "அம்மா, கொஞ்சம்" என்று நீ ஆரம்பித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு மேல் நீ என்ன சொன்னாய் என்பது நினைவில்லை. நான்தான் பேசிக்கொண்டிருந்தேனே. கொள்ளி வைக்க வேண்டிய பிள்ளை பெட்டியைக் கட்டிக்கொண்டு நிற்க, உன் சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான்.

தம்பி, இந்த ஒரு மாதமாக அந்த இரண்டு பேச்சையும் நான் முடித்து முடித்துப் பார்க்கிறேன். "அம்மா, கொஞ்சம் பொறு, நான் வர்றேன்." "அம்மா, நம்ம அப்பாவையும் வச்சிருக்காக, பாரு." இரண்டே வார்த்தை பொறுத்திருந்தால் போதும். கல்யாணம் பண்ணப் போகிற பிள்ளைக்குப் பெற்றவள் ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு வேறு புத்தி இல்லை. வருகிற பெண் ஏதாவது சொல்ல வந்தால் முடிக்க விடு. அது சண்டையாக இருந்தாலும் முடிக்க விடு. என்னிடம் இருந்து நீ எடுத்துக்கொள்ளக் கூடாத குணம் இது ஒன்றுதான்.

நான் தாலி அறுத்தவள். உன் அத்தை மகள் கல்யாணத்தில் என்னைத் தூணுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். மஞ்சள் தட்டில் என் கை பட்டுவிடக் கூடாது என்று ஒருத்தி தட்டை இடுப்புக்கு அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டாள். அன்றைக்கு முழுக்க நான் சாப்பிடவில்லை. அந்தச் சூடு பட்டவளே இன்னொருத்தி வீட்டு வாசலில் நின்று தண்ணீர் தெளித்தேன். எந்தச் சாமி என்னை அப்படிச் செய்யச் சொன்னது? மாரியம்மன் முன்னால் போய் நின்று கேட்டும் பார்த்தேன். திருநீற்றுப் பச்சிலை வாசம் வந்ததும் கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். லான் அக்கா கடையை மூடிவிட்டு அடுத்த மாதம் தன் நாட்டுக்கே போகிறார்கள், இந்த வெள்ளிக்கிழமைதான் அங்கே கடைசிப் படையல் என்று அந்தோணி சொன்னான். கல்யாணம் வைத்திருக்கும் நேரத்தில் நீ போகலாமா என்பதுதானே கேள்வி. நம் வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் என்ன செய்வோம், நீயே சொல். பந்தக்கால் நடுவதற்கு முன்னால் வீட்டில் செத்தவர்களுக்குத் துணி வைத்து, இலை போட்டு, படைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. வீட்டு ஆட்களுக்குப் படைத்தது தீட்டு இல்லை. உன் அப்பா எந்தப் பலகையில் உட்கார்ந்து நாலு வருஷமாக உன் கையால் சோறு வாங்கிச் சாப்பிடுகிறாரோ, அது உன் வீடு. அவர் பக்கத்தில் இருக்கிற அந்த அம்மாவும் உன் வீட்டு ஆள்தான்.

அதனால் போ. போகலாம் என்று அனுமதி கொடுக்கவில்லை, போகச் சொல்கிறேன். உன் சித்தியிடமும் சொல்லிவிட்டேன். ரேஷன் கடையிலும் சொல்லிவிட்டேன், எங்கே பொய்யைச் சொன்னேனோ அங்கே. "இது என்ன, இந்தக் கல்யாணமும் தட்டிப் போனா?" என்று சித்தி கேட்டாள். "தட்டுச்சுன்னா அது எவ சோத்தாலயும் இல்ல, என் வாயால" என்றேன். பெண் வீட்டிலும் நானே நேரில் போய், என் பிள்ளை அப்பாவுக்குப் படையல் போடப் போகிறான் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் எழுந்து வந்து, "எந்த ஊர்ல அத்தை?" என்று கேட்டாள். முழுக்கதையும் சொன்னேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள். நல்ல பெண்.

லீவு முடிந்து புறப்படுகிற அந்தோணியிடம் ஒரு பை கொடுத்திருக்கிறேன். அதில் நம் வயல் பச்சரிசி இருக்கிறது, படையல் சோறு அதில் வடிக்கச் சொல். அப்பாவுக்கு ஒரு வேட்டி. மடித்த காகிதத்தில் திதி எழுதியிருக்கிறேன். ஐப்பசி, தேய்பிறைப் பஞ்சமி. இனிமேல் நீ எந்த நாட்டில் இருந்தாலும் அது உன் பொறுப்பு. பைக்கு அடியில் ஒரு புதுச் சேலை, அரக்குக் கலர். அது லான் அக்காவின் அம்மாவுக்கு. அவர்கள் நாட்டில் சேலை கட்ட மாட்டார்கள், தெரியும். படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு லான் அக்கா எடுத்துக்கொள்ளட்டும்.

மன்னிப்பு என்பதற்கு அவர்கள் பாஷையில் என்ன வார்த்தை என்று அந்தோணியைக் கேட்டேன். "எனக்கு அவுக பாசையில ரெண்டு குழம்புப் பேருதாம்மா தெரியும்" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவுகளுக்கு எதுக்கும்மா வார்த்தை. வச்சதச் சாப்பிட்டாப் போதும்" என்றான்.

அப்படியே செய்வோம். அன்றைக்கு எனக்கும் ஒரு கிண்ணம் வைக்கச் சொல். நான் உட்கார்ந்த அந்த முக்காலிக்கு நேராக. பக்கத்தில் நீ உட்கார். குச்சி வேண்டாம், கையாலேயே சாப்பிடு. உன் கிண்ணத்தை முடித்துவிட்டு என் கிண்ணத்தையும் எடுத்துச் சாப்பிடு. அதில் இரண்டு வருஷத்துக்கு முந்தி நான் துப்பிய அந்த ஒரு வாயும் இருக்கிறது. லான் அக்கா பார்க்கச் சாப்பிடு. ஒரு பருக்கை மிச்சம் வைக்காதே.

அம்மா